கொம்புப் பிடி, மூன்று ஸ்பிரிங், பாதி முத்திரை

போன ஞாயிறு மாலை, பழைய இத்தாலியக் கத்தி ஒன்றின் பொத்தானை அழுத்தினேன். ‘டக்’. அலகு முழுதாக வெளியே வந்து பூட்டிக்கொண்டது. நம்பாமல் மடக்கி மறுபடி அழுத்தினேன். மறுபடியும் ‘டக்’. கராஜ் கதவருகே துணிக்கூடையோடு நின்ற மனைவி, “பதினோரு வாரமா இந்தச் சத்தத்துக்குத்தானாங்க?” என்றாள். ஆமாம் என்றேன். அது பாதி உண்மை. மீதிப் பாதி, அலகின் கழுத்தில் துருவுக்கடியில் கிடந்த இரண்டு வரி எழுத்து.

கத்தி இதுதான்: இத்தாலியில் செய்த பட்டன் கத்தி. நீட்டினால் 28 செ.மீ., அதில் அலகு 12.5. இரண்டு பக்கமும் கொம்பு, உள்ளே பித்தளைத் தகடு, முனைகளில் ஜெர்மன் சில்வர் பூண். 1950கள் என்பது என் கணக்கு. கணக்குக்குக் காரணம் அதை மடக்கும் விதம். இப்போது செய்கிற இத்தாலியக் கத்திகளில் பெரும்பாலும் முன்பூணைப் பக்கவாட்டில் சாய்த்தால் பூட்டு விடும். இதில் முதுகுப் பக்கம் பூணையொட்டி ஒரு நாக்கு தூக்கலாக நிற்கிறது. அதை நகத்தால் தூக்கினால்தான் அலகு மடங்கும். சேகரிப்பவர்கள் இந்த வகையை ‘பிக்லாக்’ என்பார்கள். நகம் வெட்டிய மறுநாள் இதை மடக்க முடியாது.

எங்கே வாங்கினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் இருப்பது டெக்சாஸ். இந்தக் கத்திகளை மாநிலம் விட்டு மாநிலம் விற்பதை அமெரிக்க மத்திய அரசு 1958 ஆகஸ்டிலேயே தடை செய்துவிட்டது. டெக்சாஸில் வைத்திருப்பதும் குற்றமாகத்தான் இருந்தது. 2013 செப்டம்பர் 1 முதல் அது நீங்கியது. அதனால் நான் வாங்குவதெல்லாம் மாநிலத்துக்குள்ளே, கண்காட்சி மேசையில், நேரில், ரொக்கமாக. ஊரிலிருந்து இதைப் படித்துவிட்டு ஆர்டர் போடலாமா என்று யோசிப்பவர்கள் அந்த யோசனையை விட்டுவிடுங்கள். அங்கே சட்டம் வேறு.

இந்தக் கத்திக்கு 260 டாலர். அழுத்தினால் அலகு அசையாது. கையால் இழுத்தால் தொளதொளவென்று வரும். பிடியை ஆட்டினால் உள்ளே ஏதோ கலகலத்தது. உதை ஸ்பிரிங் உடைந்திருக்கிறது என்று அப்போதே தெரியும். கழுத்துப் பகுதி முழுக்கக் காப்பி நிறத் துரு. அந்தத் துருவுக்கடியில் எழுத்தின் மேடுபள்ளம் விரல் நுனியில் தட்டுப்பட்டது. 260 கொடுத்தது அந்த மேடுபள்ளத்துக்குத்தான்.

முத்திரை விஷயத்தில் நான் கட்டிய கல்விக் கட்டணம் கொஞ்சநஞ்சமில்லை. ஆரம்பத்தில் ஒரு கத்தியின் கழுத்தில் ‘ரோஸ்ட்ஃப்ரை’ என்று இருந்தது. ஏதோ அபூர்வமான கொல்லர் பெயர் என்று நினைத்து 80 டாலர் கூடக் கொடுத்தேன். ஜெர்மன் மொழியில் அதற்குத் ‘துருப்பிடிக்காதது’ என்று பொருள். நம் ஊர்ப் பாத்திரத்தில் ‘எவர்சில்வர்’ என்று இருப்பதைப் பார்த்து எவர்சில்வர் ஐயா செய்தது என்று நினைப்பது போல. ‘இனாக்ஸ்’ என்றிருந்தாலும் அதே கதைதான். ‘ஸ்டிலெட்டோ மிலானோ’ என்று இருந்தால் மிலான் நகரத்தில் செய்தது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இத்தாலியில் இந்தத் தொழிலின் பெரிய ஊர் வடகிழக்கு மூலையில் மலையடிவாரத்திலுள்ள மனியாகோ. ‘லாட்டாமா’ என்ற முத்திரைக்கு நல்ல விலை உண்டு, ஆனால் அது அமெரிக்கச் சந்தைக்கு இறக்குமதி செய்த கத்திகளில் போட்ட வணிகப் பெயர். அடித்த கைக்குச் சொந்தமான பெயர் அல்ல. வெறும் ‘இத்தாலி’ என்ற சொல்லோ சுங்கச் சமாசாரம். இறக்குமதிச் சரக்கில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்பது 1890 முதல் அமெரிக்கச் சட்டம். ஆக, கழுத்தில் எழுத்து இருக்கும் பத்துக் கத்தியில் செய்தவர் பெயர் இருப்பது ஒன்றிரண்டில்தான். அதனால்தான் அதற்கு அத்தனை மதிப்பு.

துருவிலிருந்து ஆரம்பித்தேன். நான்கு வருடம் முன்பு இதே மாதிரி ஒரு கத்தியில் இதே வேலையை ட்ரில்லில் உப்புத்தாள் சக்கரம் மாட்டி இரண்டே நிமிடத்தில் முடித்திருக்கிறேன். துரு போனது. எழுத்தும் போனது. அடுத்த கண்காட்சிக்கு அதைப் பெருமையாக எடுத்துப் போனேன். ஒரு வயதான வியாபாரி கையில் வாங்கினார், கழுத்தை வெளிச்சத்தில் சாய்த்தார், ஒன்றும் பேசாமல் மேசையில் வைத்துவிட்டு அடுத்த ஆளிடம் திரும்பினார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

இந்த முறை மின்கருவி எதையும் தொடவில்லை. இரண்டு பொருள்: கனிம எண்ணெய், ஒரு சென்ட் நாணயம். நாணயம் 1982-க்கு முந்தையதாக இருக்க வேண்டும். அவற்றில்தான் 95 சதவீதம் செம்பு. அந்த ஆண்டிலிருந்து உள்ளே துத்தநாகம் வைத்து மேலே செம்பு பூச ஆரம்பித்தார்கள். செம்பு எஃகைவிட மென்மை, துருவை மட்டும் பெயர்க்கும், உலோகத்தைக் கீறாது. நாணயத்தின் ஓரத்தை அரத்தில் தீட்டி உளி மாதிரி ஆக்கிக்கொண்டேன். இரவில் எண்ணெய் தடவி வைப்பது, காலையில் காப்பி குடிக்கும்போது பத்து நிமிடம் சுரண்டுவது, துடைப்பது. பதினோரு நாள். வினிகரில் ஊறவைத்தால் ஒரே ராத்திரியில் முடிந்திருக்கும், ஆனால் எஃகு கருத்துச் சொரசொரப்பாகி, மெலிந்த எழுத்தின் விளிம்பு கரைந்துவிடும். எழுத்துப் பள்ளத்துக்குள் கிடந்த துருவை மூங்கில் பல்குச்சியால் எடுத்தேன். குச்சி மட்டும் ஒரு டப்பா காலி.

ஐந்தாம் நாள் ஒரு பக்கம் ‘இத்தாலி’ தெரிந்தது. ஒன்பதாம் நாள் மறுபக்கம். கீழ்வரி தெளிவாக ‘மனியாகோ’. மேல்வரி சற்று வளைந்த வரி, ஏழு எழுத்து. அதில் கண்ணுக்குத் தெரிந்தது மூன்று.

மனியாகோ என்ற பெயரைப் பார்த்ததும் எனக்கு ஒரு வாய்க்கால் ஞாபகம் வரும். 1453-இல் அந்த ஊர்ப் பிரபு கோல்வெரா ஓடையிலிருந்து ஒரு வாய்க்கால் வெட்டுவித்தார். வெட்டியது வயலுக்கும் மாவு ஆலைக்கும். அந்தத் தண்ணீரே கொல்லர்களின் சம்மட்டியையும் சாணைச் சக்கரத்தையும் சுற்ற ஆரம்பித்தது. ஊரே கத்தி ஊராகிவிட்டது. இன்றைக்கு அங்கே ஒரு பழைய கத்தித் தொழிற்சாலைக் கட்டடத்தில் அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள். குடும்பம் குடும்பமாகச் சின்னப் பட்டறைகள் இருந்த ஊரில், ஏற்றுமதிக்குப் போகிற கத்தியில் சொந்தப் பெயரை அடிக்க எல்லாருக்கும் வாய்த்திருக்காது.

மீதி நான்கு எழுத்துக்காக மூன்று வித்தை செய்தேன். உருளைக்கிழங்கு மாவைத் தேய்த்துத் துடைத்தேன். பள்ளத்தில் மாவு நின்று ஒரு எழுத்து கிடைத்தது. விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சை அலகோடு ஒட்டிப் படுக்க வைத்துப் பத்து மடங்கு உருப்பெருக்கியில் பார்த்தேன், ஒன்றும் கூடவில்லை. கடைசியாகப் பல் டாக்டர்கள் அச்செடுக்கும் சிலிக்கோன் மாவு, 18 டாலர். அழுத்தி நான்கு நிமிடம் விட்டுப் பெயர்த்தால் எழுத்து மேடாக, கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறி வந்தது. போன் கேமராவில் படமெடுத்துத் திருப்பிப் பார்த்ததில் இன்னொரு எழுத்து. ஆக ஐந்து. அந்த ஐந்தை வைத்து ஒரு குடும்பப் பெயரை ஊகிக்க முடிகிறது. அதை இங்கே எழுதப் போவதில்லை. ஊகத்தை எழுதினால் அடுத்த மாதம் ஒருவர் அதைக் கத்தியின் விலைச்சீட்டில் எழுதுவார், அதற்கடுத்த மாதம் இன்னொருவர் அச்சு வெட்டி அடிக்க ஆரம்பிப்பார்.

இனி ஸ்பிரிங். அலகின் மேல் மாஸ்கிங் டேப் நான்கு சுற்று, கண்ணுக்குக் கண்ணாடி. பிடியின் ஒரு பக்கக் கொம்பைக் கழற்றினால்தான் உள்ளே போக முடியும். கொம்பைப் பிடித்திருப்பவை 1.5 மி.மீ. ஆணிகள், தலையைத் தட்டி மழுக்கியவை. தலைகளை ஊசி அரத்தால் ராவி, பின்னாலிருந்து தட்டி எடுத்தேன். நான்கு வந்தன. ஐந்தாவது வரவில்லை. பொறுமை போய் வெண்ணெய்க் கத்தியைக் கொடுத்து நெம்பினேன்; ஆணி ஓட்டையிலிருந்து ஓரம் வரைக்கும் 9 மி.மீ. விரிசல். எழுபது வருடம் தாங்கிய கொம்பு என் கையில் ஏழு நொடி தாங்கவில்லை. பிறகுதான் ஹேர் டிரையரால் லேசாகச் சூடு காட்டினேன், ஆணி கழன்று வந்தது. முதலிலேயே செய்திருக்க வேண்டியது.

உள்ளே இருக்கும் அமைப்பு எளிமையானது. பொத்தானுக்கடியில் ஒரு முளை. அலகின் அடியில் அந்த முளை உட்காரும் ஓட்டை. கைப்பிடிக்குள் முதுகோரமாக ஒரு பட்டை ஸ்பிரிங், ஒரு நுனி ஆணியால் இறுக்கியது, மறுநுனி அலகின் அடியைத் தள்ளிக்கொண்டே இருக்கும். பொத்தானை அழுத்தினால் முளை விலகும், ஸ்பிரிங் உதைக்கும். உடைந்த துண்டுகள் இரண்டும் உள்ளேயே கிடந்தன. உடைந்த முகத்தில் பாதி கறுப்பு, பாதி வெள்ளை. அதாவது ஆணி ஓட்டையருகே எப்போதோ பாதி விரிந்து, பிறகு ஒருநாள் முழுதாகப் போயிருக்கிறது. துண்டுகளை ஒட்டவைத்து அளந்தேன். நீளம் 74, அகலம் 2.9, கனம் அடியில் 0.95, நுனியில் 0.7 மி.மீ.

இந்த அளவுகளை நோட்டில் எழுதினேன். எழுதிவிட்டு அதைச் சட்டை செய்யவில்லை. அதுதான் அடுத்த ஐந்து வாரத்தின் கதை.

முதல் ஸ்பிரிங் பழைய ஹேக்ஸா பிளேடிலிருந்து வெட்டியது. செலவு பூஜ்யம். வளைக்கும்போதே கண்ணாடி மாதிரி உடைந்தது. சரி, முறைப்படி போவோம் என்று 1095 என்ற கார்பன் எஃகுத் தகடு வாங்கினேன், 14 டாலர். பழையது 0.95-இல் உடைந்திருக்கிறது, அதனால் கனமாகப் போட்டால் உடையாது என்று என் மூளை சொன்னது, 1.2 மி.மீ. எடுத்தேன். அரத்தில் வடிவம் கொண்டுவந்து, கேஸ் டார்ச் தீயில் காந்தம் ஒட்டாத அளவு சிவக்கக் காய்ச்சி, அதற்கு மேலும் கொஞ்சம் சூடேற்றி எண்ணெயில் தோய்த்தேன். இந்த நிலையில் அது வெறும் முறுக்கு, தட்டினால் நொறுங்கும். மறுபடி மிதமாகச் சுட்டுப் பதப்படுத்த வேண்டும். ஊர்க் கொல்லுப்பட்டறையில் துவைச்சல் என்பார்களே, அந்த வேலை. சமையலறை அடுப்பு 260 டிகிரி செல்சியசுக்கு மேல் போகாது. போதும் என்று ஒரு மணி நேரம் வைத்தேன்.

போதவில்லை. ஆறாவது அழுத்தலில் ஸ்பிரிங் அதே ஆணி ஓட்டையில் உடைந்து, ஒரு துண்டு பறந்துபோய் வாஷிங் மெஷினில் ‘ணங்’ என்று பட்டது. அந்த ஐந்து தடவையும் அலகு திறந்த வேகத்தில் பிடியே கையில் எகிறியது. அத்தனை கனத்துக்கு இந்த உடம்பு செய்யப்படவில்லை; உடையாமல் இருந்திருந்தால் பூட்டு நாக்கைத் தின்றிருக்கும்.

மூன்றாவதுக்கு 0.95-க்கே போனேன். 1.2 தகட்டை உப்புத்தாளில் தேய்த்து இறக்க ஒரு சனிக்கிழமை முழுக்கப் போனது. நுனி 0.7. ஆணி ஓட்டையின் உள்விளிம்பைப் பல்குச்சியில் உப்புத்தாள் சுற்றி மழமழப்பாக்கினேன். விரிசல் அங்கிருந்துதான் கிளம்புகிறது. தேய்த்த கோடுகளும் நீளவாக்கில் மட்டும், குறுக்கே ஒன்றுகூட இல்லாமல். பதத்துக்கு அடுப்பை விட்டுவிட்டுக் கடலை வறுக்கும் வழிக்கு வந்தேன். இரும்புச் சட்டியில் மணல், கீழே கேஸ். ஸ்பிரிங்கை உப்புத்தாளில் வெள்ளையாகத் தேய்த்து, நிறம் மாறுவது தெரியும்படி மணல்மேல் படுக்கவைத்தேன். முதலில் வைக்கோல் நிறம், பிறகு பழுப்பு, பிறகு கத்தரிப்பூ, பிறகு மயில்கழுத்து நீலம். 300 டிகிரிக்குச் சுற்றுவட்டாரத்தில் அந்த நீலம். ஓரிடம் முந்தும், ஓரிடம் பிந்தும். இடுக்கியால் திருப்பித் திருப்பிப் போட வேண்டும். அப்பளம் சுடுகிற கவனம் தேவை. நீலம் முழுக்கப் பரவியதும் எடுத்துத் தானாக ஆறவிட்டேன். இரண்டு முறை செய்தேன், அவ்வளவுதான்.

அந்தச் சட்டியில் இனிமேல் கடலை வறுக்கக் கூடாது என்று வீட்டில் தீர்ப்பு. நியாயமான தீர்ப்பு.

மாட்டும்போது ஒரு சின்னத் தகராறு. இங்கே கிடைக்கும் ஜெர்மன் சில்வர் ஆணிக்கம்பி பதினாறில் ஓர் அங்குலம், அதாவது 1.59 மி.மீ. இத்தாலிக்காரர் ஓட்டை 1.5. ஓட்டையைப் பெரிதாக்கலாம், ஆனால் அது கத்தியைக் குறைப்பது. கம்பியை ட்ரில்லில் மாட்டிச் சுழலவிட்டு அரத்தை மேலே பிடித்து 1.5-க்கு இறக்கினேன். கொம்பின் விரிசலில் நீர்போன்ற சூப்பர் குளூ விட்டு, கொம்புத் தூளை அதன்மேல் தூவித் தேய்த்தேன். தூள் வந்தது எருமைக் கொம்புச் சில்லு ஒன்றிலிருந்து. பொட்டலத்தில் ‘இந்தியா’ என்று போட்டிருந்தது. விரிசல் இருக்கிறது, தேடினால் தெரியும். கொம்பு காய்ந்து சுருங்கியதில் பூணுக்கும் அதற்கும் நடுவே 0.4 மி.மீ. சந்து, அதையும், பூச்சி அரித்த இரண்டு பள்ளத்தையும் அப்படியே விட்டேன். புதுக் கொம்பு போட்டால் அழகாக இருக்கும், ஆனால் அப்புறம் அது என் கத்தி ஆகிவிடும்.

எண்ணெய் பற்றி ஒரு வெட்கக்கேடு. இரண்டு வருடம் முன்பு இன்னொரு கத்தியின் அச்சாணியில் பழக்கதோஷத்தில் தேங்காயெண்ணெய் விட்டேன். ஜனவரியில் திறக்க மறுத்தது. கராஜ் 8 டிகிரி, எண்ணெய் 24-க்குக் கீழேயே உறைந்துவிடும். உள்ளே வெள்ளையாக மெழுகு. இப்போது கனிம எண்ணெய், குண்டூசி முனையில் ஒரு சொட்டு.

செலவு: கத்தி 260, எஃகு 14, ஆணிக்கம்பி 9, சிலிக்கோன் மாவு 18, உருப்பெருக்கி 22, உப்புத்தாள் பசை வகையில் 7. மொத்தம் 330. விற்றால் என்ன வரும் என்று கேட்காதீர்கள், விற்கவில்லை.

அடுத்த கத்தியில் மாற்றப்போவது: எதையும் தொடுவதற்கு முன்பே, துருவோடேயே, சிலிக்கோன் அச்சு எடுப்பேன். சுத்தம் செய்யச் செய்ய ஓர் எழுத்து தெளிந்தது, ஓர் எழுத்தின் கால் மங்கியது என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. முதல் நாள் அச்சு இருந்திருந்தால் ஒப்பிட்டிருக்கலாம். பழைய ஸ்பிரிங்கின் அளவை மீற மாட்டேன். கொம்பைக் கழற்றுமுன் சூடு காட்டுவேன். வைப்பதிலும் ஒரு மாற்றம்: தோலுறையில் போட்டால் பித்தளையில் பச்சை பூக்கிறது, ஆகவே பருத்தித் துணி. செல்லுலாய்ட் பிடி உள்ளவை தனி டப்பாவில், காற்றோட்டமாக. அந்தப் பிடி வயதானால் அமில ஆவி விடும், அடுத்த வீட்டுக் கத்தியையும் துருவேற்றும். அலகை விரித்தபடியே வைக்கிறேன். இந்த வகையில் அப்போதுதான் ஸ்பிரிங் ஓய்வில் இருக்கும். இழுப்பறைக்குப் பூட்டு போட்டாகிவிட்டது, வீட்டில் நாலு வயதுப் பையன் இருக்கிறான்.

நேற்று இரவு உருப்பெருக்கி கையில் இருந்ததால், நான்கு வருடம் முன்பு பளபளப்பாக்கிய அந்தப் பழைய கத்தியையும் எடுத்துப் பார்த்தேன். கழுத்தின் கீழ்மூலையில் பூணை ஒட்டி என் சக்கரம் எட்டாத இடத்தில் ஒரே ஓர் எழுத்து பாதிக்குமேல் நிற்கிறது. வட்டம். ‘மனியாகோ’வின் கடைசி எழுத்தாக இருக்கலாம். விளிம்பிலிருந்து வட்டத்தின் நடுவரை காலிப்பரில் அளந்தேன்: 2.1 மி.மீ. புதுக் கத்தியின் சிலிக்கோன் அச்சில் அளந்தேன்: 2.1. மேல்வரி இருந்திருக்க வேண்டிய இடத்தில் என் உருப்பெருக்கியின் பிம்பம்தான் தெரிந்தது.